நடிகர் திலகம் சிவாஜி கணேசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் சிவாஜியைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. படம் பார்த்து வளர்ந்தவர்கள் வருடத்தையும் எண்ணிக்கையையும் சரிபார்க்கக் கேட்பார்கள். பிள்ளையைப் பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்குக் கட்டபொம்மனாக அனுப்பப்போகும் பெற்றோர் மீசை ஏன் கழன்று விழுகிறது என்று கேட்பார்கள். இரண்டு தரப்புக்கும் இங்கே பதில் உண்டு.

அவர் பிறந்தது 1927 ஆ, 1928 ஆ?

1928 ஒக்டோபர் 1 என்பதே இப்போது பொதுவாக ஏற்கப்பட்டது. பழைய மலர்கள் சிலவற்றில் 1927 என்று இருக்கும். இயற்பெயர் வி. சி. கணேசன். தந்தை சின்னையா மன்றாயர், தாய் ராஜாமணி அம்மாள். மறைந்தது 2001 ஜூலை 21, சென்னையில்.

"சிவாஜி" என்ற பெயர் எப்படி வந்தது?

மேடையில் வந்தது, படத்தில் அல்ல. அறிஞர் அண்ணா எழுதிய "சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்" நாடகத்தில் மராட்டிய மன்னனாக நடித்தவர் கணேசன். அண்ணாவே அதில் காகபட்டர் என்ற பாத்திரமாக வந்தார். நாடகத்தைப் பார்த்த பெரியார் இனி இவர் "சிவாஜி" கணேசன் என்றார். 1940களின் நடுப்பகுதி அது. முதல் படம் வெளிவர இன்னும் சில வருடம் இருந்தது.

பாய்ஸ் கம்பெனி என்கிறார்களே, அங்கே உண்மையில் என்ன கற்றுக்கொடுத்தார்கள்?

இந்தக் கேள்விக்கு நேரம் கொடுக்கவேண்டும். மற்றக் கேள்விகளில் பாதிக்கு விடை இதற்குள்தான் கிடக்கிறது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையின் வழியில் சிறுவர் நாடகக் குழுக்கள் பல வந்தன. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துக் கம்பெனி வீட்டிலேயே தங்கவைப்பார்கள். சாப்பாடு, படுக்கை, பாடம், அடி எல்லாம் அங்கேதான். கணேசன் சிறுவனாக இருந்தபோது திருச்சிப் பக்கத்தில் கட்டபொம்மன் கூத்து ஒன்றைப் பார்த்துவிட்டு, அதே பித்தோடு யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் போய்ச் சேர்ந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை என்று பொய் சொல்லித்தான் உள்ளே போனதாக அவரே பின்னாளில் சொன்னார்.

முதலில் பாட்டு, பிறகு ஆட்டம், வாள்வீச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் பாகத்தை மட்டுமல்ல, நாடகம் முழுவதையும் மனப்பாடம் செய்யவேண்டும். ராஜபார்ட்காரனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் நிற்கும் பையன் அன்றிரவே கிரீடத்தை வைத்துக்கொண்டு ஏறவேண்டியதுதான். ஒல்லியான, குரல் உடையாத பையன்களுக்கு ஸ்திரீபார்ட். கணேசனும் பெண் வேடத்தில்தான் தொடங்கினார்.

வயது வந்து குரல் உடைவதை மகரக்கட்டு என்பார்கள். அது வந்தால் பாட்டுக்காரப் பையனின் கம்பெனி வாழ்வு பெரும்பாலும் முடிந்துவிடும். பாட்டை இழந்தவன் வசனத்தைப் பிடித்துக்கொண்டால் பிழைத்தான். திராவிட இயக்க நாடகங்கள் பாட்டைக் குறைத்து வசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்த காலமும் இதுவே. சிவாஜியின் குரலுக்கு அந்தக் காலம் வாய்ப்பாக அமைந்தது.

பராசக்தியில் இருந்து அவரைத் தூக்க நினைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆள் ஒல்லியாக இருக்கிறார், வேறு ஒருவரைப் போடலாம் என்ற எண்ணம் ஏவி. மெய்யப்பனுக்கு இருந்தது. பங்குத் தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாள் விட்டுக்கொடுக்கவில்லை. வேலூரில் "நூர்ஜகான்" நாடகத்தில் கணேசனைப் பெண் வேடத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர் அவர். உடம்பு தேறிய பிறகு சில காட்சிகளைத் திரும்ப எடுத்தார்கள். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கம், மு. கருணாநிதி வசனம். 1952 ஒக்டோபர் 17, தீபாவளி நாளில் வெளியானது. கமராவின் முன் அவர் பேசிய முதல் சொல் "சக்சஸ்". கொழும்பில் மைலன் தியேட்டரில் படம் 40 வாரத்தை நெருங்கி ஓடியதாகப் பதிவு உண்டு.

மிகை நடிப்பு என்று இன்றைய பிள்ளைகள் சொல்கிறார்களே?

சொல்லட்டும். ஆனால் அந்த அளவு எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுச் சொல்லவேண்டும்.

மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குப் புருவம் தெரியாது. அங்கே இருப்பவனுக்குத் தோளும் கையும் நடையும்தான் முகம். ஆகவே கோபம் கழுத்தில் தொடங்கித் தோளுக்கு வந்து கையில் முடியவேண்டும். வசனத்தில் சொல்லின் கடைசி எழுத்தை விழுங்கினால் பின்வரிசைக்குப் பொருளே மாறிப்போகும். கடைசி மெய்யெழுத்தை அழுத்தி நிறுத்தும் பழக்கம் அதனால் வந்தது. 1950களின் படங்களில் இதை அப்படியே கேட்கலாம்.

அளவைக் குறைக்கத் தெரியாதவரும் அல்லர் அவர். 1954 இல் வந்த "அந்த நாள்" ஒன்றைப் பாருங்கள். எஸ். பாலச்சந்தர் இயக்கிய, பாட்டே இல்லாத படம். அதில் குரல் பேச்சுக் குரலாகவே இருக்கும். 1985 இல் பாரதிராஜாவின் "முதல் மரியாதை"யில் முழுப் பாத்திரமும் அரைச் சிரிப்பிலும் பார்வையிலும் ஓடும். இரண்டுக்கும் நடுவே 31 வருடம். கூட்டவும் குறைக்கவும் தெரிந்த ஒருவர் கூட்டியிருக்கிறார் என்றால் இயக்குநர் கேட்டிருக்கிறார், சனமும் கேட்டது. 1970களின் சில படங்களில் அந்த அளவு தப்பியது என்பதை ரசிகர்களும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தில்லானா மோகனாம்பாளில் நாதஸ்வரத்தை அவரே வாசித்தாரா?

இல்லை. வாசித்தவர்கள் மதுரை எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். படம் 1968, இயக்கம் ஏ. பி. நாகராஜன்.

ஆனால் காட்சியை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். நாதஸ்வரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழு. ஸ்வரம் மேலே போகும்போது விரல்கள் எடுபடும் ஒழுங்கு, நீண்ட பிடிப்பில் கன்னம் நிறைவது, பிடிப்பு முடிந்ததும் மூக்கால் எடுக்கும் மூச்சு, ஊதும் முனையான சீவாளியை வாயிலிருந்து எடுத்த பின் உதட்டை ஒருமுறை ஈரப்படுத்துவது. பொய்யாக வாசிக்கும் நடிகர்கள் தவறுவது பெரும்பாலும் மூச்சில்தான். விரலை ஆட்டுவார்கள், மூச்சு எடுக்க மறப்பார்கள். டி. எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டுகளுக்கு இவர் வாயசைத்ததிலும் இதே கதைதான். பாடகர் மூச்செடுத்த இடத்தில் இவருடைய நெஞ்சும் ஏறும்.

மொத்தம் எத்தனை படங்கள்? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

288 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ், தெலுங்கு, இந்தி, மலையாளம் எல்லாம் சேர்த்து. கணக்கு ஏன் மாறுகிறது என்றால், கௌரவ வேடங்களைச் சிலர் சேர்ப்பார்கள், சிலர் விடுவார்கள். ஒரே படம் இரண்டு மொழியில் எடுக்கப்பட்டிருந்தால் ஒன்றா இரண்டா என்ற வழக்கும் உண்டு. மொழிமாற்றுப் படங்களையும் சேர்த்து எண்ணிவிட்டுச் சண்டை பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பட்டியல் போடுவதானால் முதலில் விதியை எழுதிவிட்டு எண்ணுங்கள்.

100ஆவது படம் "நவராத்திரி", 1964. அதே தீபாவளிக்கு பி. ஆர். பந்துலுவின் "முரடன் முத்து"வும் வந்தது. எது 100 என்பதில் வந்த கசப்பால் பந்துலுவுடனான கூட்டு முறிந்தது. "வீரபாண்டிய கட்டபொம்மன்", "கர்ணன்" போன்றவற்றைத் தந்த கூட்டு அது. 200ஆவது படம் "திரிசூலம்", 1979.

கட்டபொம்மன் வசனத்தைக் கட்டபொம்மன் உண்மையில் பேசினானா? எழுதியது கலைஞரா?

இரண்டுக்கும் இல்லை. கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் 1798 இல் இராமநாதபுரத்தில் சந்தித்தது வரலாறு. 1799 ஒக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் வரலாறு. வசனம் சக்தி டி. கே. கிருஷ்ணசாமியின் கற்பனை. முதலில் சிவாஜி நாடக மன்றத்தின் மேடை நாடகமாக வந்து, பிறகு 1959 இல் படமானது. மேடை அறிவிப்பாளர்கள் இன்றும் கருணாநிதியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நிகழ்ச்சிநிரல் அச்சுக்குப் போக முன் ஒருமுறை பாருங்கள்.

மகனுக்குக் கட்டபொம்மன் தனிநடிப்பு. எங்கே தொடங்குவது?

மீசையில் அல்ல, எழுத்தில் தொடங்குங்கள். மேடையில் நிறுத்தங்களோடு பேசினால் ஒரு பிள்ளைக்கு நிமிடத்துக்கு 70 சொல் தாராளம். 4 நிமிடம் தந்திருந்தால் 280 சொல்லுக்கு மேல் வேண்டாம். 400 சொல்லைத் திணித்தால் கடைசி நிமிடம் ரயில் வண்டி மாதிரி ஓடும், மணியும் அடித்துவிடும்.

எழுத்தைப் பெரிதாகப் பிரதி எடுத்து, மூச்செடுக்கும் இடத்தில் ஒரு கோடும், நின்று பார்க்கும் இடத்தில் இரண்டு கோடும் போடுங்கள். 10 வயதுப் பிள்ளைக்கு ஒரு மூச்சில் 7 அல்லது 8 சொல். படத்தில் சிவாஜி ஒரே மூச்சில் கொட்டுகிறார் என்று பிள்ளையையும் கொட்டவைத்தால் வசனத்தின் கடைசிச் சொல் காற்றாகத்தான் வரும்.

பெரும்பாலான பிள்ளைகள் முதல் வரியையே உச்சக் குரலில் பிடிக்கிறார்கள். அடுக்கடுக்கான கேள்விகளில் ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி ஏறவேண்டும். முதற்படியே கூரையில் இருந்தால் ஏற இடமில்லை. பேச்சுக் குரலைவிடச் சற்றுக் கூடுதலாகத் தொடங்கி, கடைசிக் கேள்விக்கு மட்டும் முழுக் குரலையும் வையுங்கள். கத்துவது தொண்டையிலிருந்து வந்தால் நாலு ஒத்திகையில் குரல் அடைக்கும். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் கை உள்ளே போகவேண்டும். போட்டிக்கு முந்திய நாள் முழு ஒத்திகை வேண்டாம். ஐஸ் போட்ட குடிபானமும் வேண்டாம்.

ழ, ள, ல மூன்றும் தனித்தனியே கேட்கவேண்டும். நடுவர்கள் முதலில் புள்ளி வெட்டும் இடம் இதுதான்.

மைக் நிலைத்தாங்கியில் இருந்தால் மெல்லிய வரிக்கு ஒரு சாண் தூரம். உரத்த வரிக்கு ஓர் அடி பின்வாங்கவேண்டும். அந்தப் பின்வாங்கலையே கோபத்தில் நிமிரும் அசைவாக அமைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. உடுப்பில் செருகும் மைக் தந்தால் நெஞ்சில் முத்துமாலை போடவேண்டாம். ஒவ்வொரு அசைவுக்கும் மணி உரசும் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

மீசை, தலைப்பாகை, வாள்?

மீசை விழுவதற்குக் காரணம் பசை அல்ல, வியர்வை. கொழும்பு வெக்கையில் மேலுதடு முதலில் நனையும். அதனால் வரிசை முக்கியம். முகத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து, மேலுதட்டில் கிறீம், பவுடர், பவுண்டேஷன் எதுவும் போடாமல் முதலில் மீசையை ஒட்டுங்கள். ஒப்பனை பிறகு. மீசை ஒட்டும் பசையான ஸ்பிரிட் கம்மை மெல்லிசாகப் பூசி அரை நிமிடம் விடுங்கள். விரலால் தொட்டால் நூல் இழுக்கிற பதம் வந்த பிறகு மீசையை வைத்து, உலர்ந்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கும். அதிகம் பூசினால் தோலாக உரியும். மூக்குக்கு நேர்கீழே உள்ள குழியில் ஒரு மயிரிழை இடைவெளி விட்டு இரண்டு துண்டாக ஒட்டினால் வாய் திறக்கும்போது இழுபடாது. சின்னப் பிள்ளைகளுக்கு முந்திய நாளே முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். சிவந்தால் பசையை விட்டுவிட்டு மை பென்சிலால் கீறுங்கள். கழற்ற, தேங்காய் எண்ணெயைத் தடவி இரண்டு நிமிடம் பொறுங்கள். இழுக்கவேண்டாம்.

தலைப்பாகைக்கு 4 முதல் 5 மீற்றர் பருத்தித் துணி. புறக்கோட்டையில் மினுங்கும் சற்றின் துணியைப் பார்த்து மயங்கவேண்டாம், அது சுற்றச் சுற்ற வழுக்கும். உள்ளே இறுக்கமான தொப்பி ஒன்றைப் போட்டு, முதற் சுற்றைத் தொப்பியோடு ஊசி நூலால் தைத்துவிட்டால் மிச்சம் நிற்கும். மினுக்கம் வேண்டுமென்றால் கடைசிச் சுற்றில் ஒரு கரையைச் சேர்க்கலாம்.

வாள் மரத்தில், கைப்பிடி பாரமாக இருக்கவேண்டும். அட்டையில் வெள்ளித்தாள் ஒட்டிய வாள் உறையிலிருந்து எடுக்கும்போது வளையும். வீரம் அந்த இடத்திலேயே சிரிப்பாகிவிடும். வாளை உருவத் தேவையில்லாத காட்சி என்றால் உறை மட்டும் போதும்.

இலங்கையோடு அவருக்கு என்ன தொடர்பு?

எம்.ஜி.ஆர். போல இங்கே பிறந்தவர் அல்ல. படத்தொடர்பு உண்டு. 1978 இல் வந்த "பைலட் பிரேம்நாத்" இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பு. ஏ. சி. திருலோகசந்தர் இயக்கம், கதாநாயகி மாலினி பொன்சேகா. 1981 இல் ஸ்ரீதரின் "மோகனப் புன்னகை"யிலும் இலங்கை நடிகை கீதா குமாரசிங்க நடித்தார்.

அதைவிடப் பெரிய தொடர்பு தியேட்டர். படங்களை இறக்கி விநியோகித்தவர்களில் முதன்மையானவர் கே. குணரத்தினம், சினிமாஸ் நிறுவனத்துக்காரர். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்த பிறகு இறக்குமதி அதன் கைக்குப் போனது. ஹெந்தளையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ 1983 ஜூலையில் எரிக்கப்பட்டது.

ஒரு படம் கொழும்பில் எத்தனை நாள் ஓடியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்திரிகை விளம்பரத்தில். வீரகேசரி 1930 இல், தினகரன் 1932 இல் தொடங்கியவை. கொழும்பு 7 இல் உள்ள தேசிய சுவடிகள் காப்பகத்தில் பழைய கட்டுகளைப் பார்க்கலாம். அடையாள அட்டையோடு போங்கள். பேனா வேண்டாம், பென்சில் கொண்டுபோங்கள். படம் பிடிக்க முன் கேட்டுவிடுங்கள்.

சென்னை வெளியீட்டுத் திகதியில் தேடினால் ஏமாறுவீர்கள். படம் இங்கே வர வாரக்கணக்கும் ஆகும், வருடக்கணக்கும் ஆகும். தீபாவளி, பொங்கல், சித்திரைப் புத்தாண்டு இதழ்களில் "இன்று முதல்" என்ற விளம்பரத்தைப் பிடித்து, அங்கிருந்து வாரத்துக்கு ஒரு இதழாக முன்னே போங்கள். "50ஆவது நாள்" என்று இருந்தால் தியேட்டரின் பெயரையும் குறியுங்கள். இரண்டு தியேட்டர் நாட்களைக் கூட்டி 100 ஆக்கிய விளம்பரங்கள் உண்டு. திரும்ப ஓட்டிய படத்தைப் புதுப்படம் போல விளம்பரம் செய்ததும் உண்டு.

அப்பாவின் வசனக் கசெட்டுகள் இருக்கின்றன. போட்டுப் பார்க்கலாமா?

முதலில் பாருங்கள், போடவேண்டாம். கண்ணாடி ஜன்னல் வழியே நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூ மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம். கடற்கரைப் பக்க வீடுகளில் இது சாதாரணம். அந்தக் கசெட்டைத் தனிப் பையில் போட்டு ஒதுக்குங்கள். ஓட்டினால் கருவியின் தலையில் ஒட்டி மற்றக் கசெட்டுகளுக்கும் போகும்.

சுத்தமாக இருந்தால், ஓட்டும் கருவியின் தலையை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, கசெட்டை ஒருமுறை கடைசிவரை சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள். இறுகிய சுருள் தளரும். சத்தம் மந்தமாக, போர்வைக்குள் பேசுவது போல இருந்தால் நாடா பழுது என்று எறியவேண்டாம். நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறிய பஞ்சுத் துண்டு பசை விட்டு விழுந்திருக்கும். திருகாணி போட்ட வேறொரு கசெட் ஓட்டுக்குள் சுருளை மாற்றினால் குரல் திரும்ப வரும்.

கணினியில் எடுக்கும்போது வேவ் கோப்பாக, 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட்டில் எடுங்கள். ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 600 மெகாபைட் பிடிக்கும். எம்பி3 பிறகு செய்யலாம். இரைச்சல் நீக்கும் வடிகட்டியை மூலப் பிரதியில் போடவேண்டாம். அது முதலில் சாப்பிடுவது ச, ஷ ஒலிகளை.

பாட்டுப் புத்தகங்களை லாமினேற் செய்யவேண்டாம். துருப்பிடித்த ஊசிகளை மெல்லக் கழற்றி, அமிலமில்லாத உறையில் கிடையாக வையுங்கள்.

விருதுகள்?

கெய்ரோவில் 1960 இல் நடந்த ஆபிரிக்க-ஆசியத் திரைப்பட விழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர். பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984, பிரான்சின் செவாலியே 1995, தாதாசாகேப் பால்கே 1996. இந்தியாவின் சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் ஒருமுறையும் வரவில்லை.

அரசியல்?

திராவிட இயக்க மேடையில் தொடங்கிக் காங்கிரசுக்குப் போனார். மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். 1988 இல் சொந்தக் கட்சி தொடங்கி, 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். நடிப்பைப் பற்றிப் பேசும்போது இவ்வளவு போதும்.

ஒரு படமும் பார்க்காத பிள்ளைக்கு முதலில் எதைக் காட்டுவது?

"நவராத்திரி". ஒரே ஆள் ஒன்பது பேராக, ஒன்பது சுவைக்கு ஒருவராக வருகிறார். ஒரே இருப்பில் வேண்டாம், ஒரு நாளைக்கு மூன்று பாத்திரமாகக் காட்டுங்கள். ஒவ்வொருவரும் உள்ளே வரும்போது நிறுத்தி, முகத்தைக் கையால் மறைத்து, நடையை மட்டும் பார்த்து ஆள் யாரென்று சொல்லச் சொல்லுங்கள். தெருக்கூத்துக்காரன் வரும் இடத்தில் மட்டும் நிறுத்தாமல் விடுங்கள். குரல், கால், கண் மூன்றும் கொட்டகை அளவுக்குப் போவதைப் பிள்ளை தானாகவே பார்த்துக்கொள்ளும்.